நான்காம் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடம்

போன வாரம் இசைத்தட்டு போடுகிற டர்ன்டேபிளுக்குப் புது ஊசி போட்டேன். மாட்டிக் கொடுத்தவர் பழைய ஊசியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி இருந்தது. "இதை வச்சுப் பாட்டுக் கேட்டீங்களா, தட்டைச் செதுக்கினீங்களா?" என்றார். எனக்கு உடனே ஒரே ஒரு தட்டுதான் ஞாபகம் வந்தது. அடிவயிறு கலங்கியது.

அதே வாரம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, அந்த கிரேக்க ஹெவி ராக் குழுவோட முதல் ஆல்பம் உங்ககிட்ட இருக்குல்ல? சிவப்பு அட்டை, 666னு போட்டிருக்கும். வாங்கலாமா? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" வாங்கலாமா கூடாதா என்று ஒரு சொல்லில் பதில் வராததால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, தம்பி. அது முதல் ஆல்பம் இல்லை. அஃப்ரடைட்ஸ் சைல்ட் குழுவின் மூன்றாவது ஆல்பம், அதுவே கடைசியும். முதல் ஆல்பம் 1968இல் வந்த 'எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. உலகத்தின் முடிவு என்று பெயர் வைத்துத் தொடங்கி, உலக முடிவையே கதையாக எடுத்துக்கொண்டு முடித்த குழு. முதல் ஆல்பத்தில் 'ரெயின் அண்ட் டியர்ஸ்' என்ற பாட்டு இருக்கிறது. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் 'கேனன்' மெட்டை அடியில் ஓடவிட்டு, மேலே பாடகர் டெமிஸ் ரூஸோஸ் உருகுவார். ஃபிரான்ஸ் முழுக்கப் பெரிய ஹிட். இவர்கள் போக நினைத்தது லண்டனுக்கு. 1968 மே மாத வேலைநிறுத்தத்தில் பாரிஸில் மாட்டிக்கொண்டார்கள், அங்கேயே பெயர் வாங்கினார்கள். ஊரில் அப்போது ராணுவ ஆட்சி. கிடாரிஸ்ட் சில்வர் கூலூரிஸ் கட்டாய ராணுவ சேவைக்காக கிரீஸிலேயே தங்க வேண்டியதாயிற்று, அதனால் முதல் இரண்டு ஆல்பத்திலும் அவர் கிடார் இல்லை. 666இல்தான் திரும்பி வந்தார். நீ 'ஹெவி' என்று சொல்கிறாயே, அந்தக் கனத்தில் பெரும்பங்கு அவர் கையிலிருந்து வந்தது. முதல் ஆல்பத்தை வாங்கிவிட்டு அந்தக் கனத்தைத் தேடினால் ஏமாந்துபோவாய். நல்ல ஆல்பம்தான், ஆனால் நீ கேட்கிற பொருள் அது இல்லை.

சரி, 666க்கு வருகிறேன். என்னிடம் இருப்பது மறுபதிப்பு, இரட்டை எல்பி, அதாவது இரண்டு தட்டு, நான்கு பக்கம். ஒன்பது வருடமாக இருக்கிறது. 24 உருப்படி, மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஓர் உருப்படி பதினான்கே நொடி, இன்னொன்று பத்தொன்பது நிமிடத்துக்கும் மேல். அந்தப் பத்தொன்பது நிமிடத்தைப் பற்றிப் பேசாமல் விடப்போவதில்லை, ஆனால் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் பக்கத்தில் 'தி ஃபோர் ஹார்ஸ்மென்'. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், அதன் ஆறாம் அதிகாரத்து நான்கு குதிரைகள். 666 என்பதும் அந்தப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் எண்தான். பாட்டு தொடங்கும்போது தாளமே இல்லை. மணல் உதிர்வதுபோல ஏதோ கலகலக்க, டெமிஸ் உச்சஸ்தாயியில் தனியாக நிற்கிறார். அப்புறம் டிரம்ஸ் வந்து இறங்குகிற இடத்தில், ஒன்பது வருடம் கழித்தும், கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுகிறேன். கடைசி இரண்டு நிமிடம் கூலூரிஸின் கிடார் அழுது, திட்டி, கெஞ்சி ஓய்கிறது.

இந்தப் பாட்டில் என்னை ரொம்ப நாள் குடைந்தது ஒரு நிறம். முதல் குதிரை வெள்ளை, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது கறுப்பு, கடைசிக் குதிரை பச்சை என்று பாடுகிறார்கள். பச்சைக் குதிரையா? நம் வீட்டுப் பழைய தமிழ் பைபிளில் 'மங்கின நிறமுள்ள ஒரு குதிரை' என்று இருக்கிறது. ஆங்கிலத்திலும் வெளிறிய குதிரைதான். ஏதோ எதுகைக்காகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மூல கிரேக்கத்தில் இருக்கிற சொல் 'குளோரோஸ்'. இளம்பச்சை. இலைக்குள் இருக்கும் குளோரோஃபில்லுக்குப் பெயர் வந்த அதே வேர். பிணத்தின் முகத்தில் ஏறுகிற பச்சையை மொழிபெயர்த்தவர்கள் வெளிறலாக்கிவிட்டார்கள். இவர்கள் தங்கள் தாய்மொழியில் இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் பாடிவிட்டார்கள். அந்தச் சிவப்பு அட்டைக்குள் சாத்தானைத் தேடுகிறவர்கள் இந்தக் குதிரையைக் கவனிப்பதில்லை.

சாத்தான் என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டைக்குள் 'சாலெப் என்ற பொருளின் தாக்கத்தில் பதிவு செய்யப்பட்டது' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். ஏதோ மாந்திரீகம், போதை என்று கதை கட்டினார்கள். சாலெப் என்பது கிரீஸிலும் துருக்கியிலும் குளிர்காலத்தில் சூடாகக் குடிக்கிற பானம். ஆர்க்கிட் கிழங்கை அரைத்த மாவில் செய்வது. நம்மூரில் ஒருவர் சுக்குக் காபியின் தாக்கத்தில் ஆல்பம் போட்டேன் என்று எழுதினால் எவ்வளவு ஆபத்தோ, இதுவும் அவ்வளவுதான்.

இரண்டாம் பக்கம் 'ஈஜியன் ஸீ'யில் தொடங்குகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லும் பத்மு தீவு அந்தக் கடலில்தான் இருக்கிறது. குழுவின் மூளையும் கீபோர்டும் வாங்கெலிஸ். 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' இசைக்கு 1982இல் ஆஸ்கர் வாங்கியவர், நீ கேட்காமல் இருந்திருக்க மாட்டாய். அந்தப் பிற்கால வாங்கெலிஸின் விரிவு முழுவதும் இந்த ஐந்து நிமிடத்தில் முளைவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் துண்டு துண்டாகப் போகிறது. 'தி பீஸ்ட்' மட்டும் இடுப்பை ஆட்ட வைக்கும்.

மூன்றாம் பக்கத்தில் வீட்டில் பிரச்சினை. முடிவிலிக் குறியையே பெயராகக் கொண்ட ஓர் உருப்படி. நடிகை இரீனி பாபாஸ், தாளவாத்தியம், வேறு எதுவும் கிடையாது. 'இருக்கிறவரும் இருந்தவரும் வருகிறவருமாகிய' என்று நாம் படித்த வசனத்தைத் தன்மைக்கு மாற்றி, இருந்தேன், இருக்கிறேன், வரப்போகிறேன் என்கிற ஒரே வாக்கியத்தை முனகலில் தொடங்கி அலறலில் முடிக்கிறார். ஐந்து நிமிடத்துக்கும் மேல். முதல் முறை போட்டபோது அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து, "யாருக்குடா பிரசவ வலி?" என்றார். எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், அம்மா சொன்னதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை. அப்போதிலிருந்து மூன்றாம் பக்கம் ஹெட்போனில்தான். 1970 கடைசியிலும் 1971 தொடக்கத்திலும் பாரிஸில் பதிவான ஆல்பம், 1972 ஜூனில்தான் கடைக்கு வந்தது. கம்பெனி முகம் சுளித்ததற்கு முக்கியக் காரணம் இந்த ஐந்து நிமிடம். கடைசியில் அந்தக் கம்பெனியின் வெர்டிகோ என்ற துணை லேபிளில் வெளியிட்டார்கள். அதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

இப்போது நான்காம் பக்கம். அதில் இரண்டே உருப்படி. 'ஆல் தி ஸீட்ஸ் வேர் ஆக்குபைட்' பத்தொன்பது நிமிடம், அதன் பின்னால் 'பிரேக்' மூன்று நிமிடம்.

பத்தொன்பது நிமிடத்துக்கு நியாயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். பாடல் வரிகளும் கதையும் கோஸ்டாஸ் ஃபெரிஸ் என்ற திரைப்பட இயக்குநருடையது. ஒரு கூடாரத்துக்குள் சர்க்கஸ்காரர்கள் உலக முடிவை வித்தையாக நடத்திக் காட்டுகிறார்கள். அதே நேரம் வெளியே நிஜமாகவே உலகம் முடிகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதையும் வித்தை என்றே நினைக்கிறார்கள். கடைசியில் கூடாரம் போய், உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் முன்பு வந்த பாட்டுகளெல்லாம் கிழிந்த துணிபோலத் திரும்பத் திரும்பப் பறந்து வருகின்றன. யோசனை பிரமாதம். அதற்காக அதே பாட்டுகளின் துண்டுகளைப் பத்தொன்பது நிமிடம் கேட்கவா? முதல் ஏழு நிமிடம் நன்றாகவே ஏறுகிறது. அப்புறம், பந்தி முடிந்த பிறகும் இலையை எடுக்க ஆள் வராமல் உட்கார்ந்திருக்கிற நிலைமை.

எனக்குக் கோபம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'பிரேக்' என்னுடைய பாட்டு. 24 உருப்படியில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் எடுப்பேன். பியானோ, மெல்லிய குரல். டெமிஸ் இல்லை, டிரம்மர் லூகாஸ் சிடராஸ் பாடுகிறார். பெரிய பாடகருக்கான குரல் இல்லை, அதனால்தான் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. எல்லாம் எரிந்த பிறகு மிச்சமிருக்கிற ஒருவன் கதவைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி. அதை எங்கே வைத்திருக்கிறார்கள்? தட்டின் உள்விளிம்பில்.

எல்பி வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். தட்டு சுற்றுவது ஒரே வேகம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்... இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். ஆனால் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்விளிம்புக்கு வரும்போது அது 20 சொச்சத்துக்கு வந்துவிடும். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். சகர ஒலிகள் சீறும், பியானோ கண்ணாடி உடைகிற மாதிரி கேட்கும். ஊசி தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரைச்சலுக்கு வெளிவிளிம்பின் ராஜமரியாதை, இருப்பதிலேயே மென்மையான பாட்டுக்குக் கொல்லைப்புறத்துத் திண்ணை.

பொறுமை இல்லாமல் நான் என்ன செய்தேன் என்றால், ஊசியைக் கையால் தூக்கி, இரண்டு உருப்படிக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய கோட்டைத் தேடி இறக்குவேன். ராத்திரியில், மங்கிய வெளிச்சத்தில், ஒன்பது வருடம். நூறு முறையில் தொண்ணூறு முறை சரியாக விழும். ஒரு முறை வழுக்கியது. அந்தக் கீறல் இப்போது 'பிரேக்'கின் முதல் நிமிடத்தில் 1.8 நொடிக்கு ஒரு 'டிக்' என்று கேட்கிறது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம். தப்பு என்னுடையது. ஆனாலும் அந்தப் பாட்டை முதலில் வைத்திருந்தால் நான் ஏன் தூக்கப்போகிறேன்?

புது ஊசிக்கு அதே வித்தையைக் காட்டப் பயம். அதனால் போன ஞாயிறு நான்காம் பக்கத்தை, பல வருடத்துக்குப் பிறகு, தொடக்கத்திலிருந்து விட்டேன். பத்தொன்பது நிமிடத்துக்கும் மேல் என்றால் தட்டு சுமார் 640 சுற்று. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் 666 சுற்று கணக்கு வந்திருக்குமே என்று எரிச்சலில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் எழுந்து போய்த் துணி மடித்தேன். திரும்பி வந்தபோதும் முடிந்திருக்கவில்லை. அந்த இரைச்சல் ஒருவழியாக விழுந்து, பியானோ தொடங்கியது. சீறல் இல்லை. சிடராஸ் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தூக்கி வைத்துக் கேட்ட எந்த இரவிலும் இந்தப் பாட்டு இப்படி வந்து இறங்கியதில்லை. அதை ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

டிக் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் அதே பாட்டைப் போட்டால் டிக் இல்லாத இடத்தில் காது காத்துக்கொண்டு நிற்கிறது, அது வேறு யாருடைய பாட்டோ போலிருக்கிறது.

மதிப்பெண் கேட்டாய். ஐந்துக்கு இரண்டு. நேற்று கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன், இன்று காலையில் துணி மடிக்கும்போது மறுபடி அந்தப் பத்தொன்பது நிமிடம் ஞாபகம் வந்துவிட்டது. வாங்காதே. எல்பி இன்றைக்கு விற்கிற விலைக்கு, ஒரு பக்கத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே வாழ்வதற்கு நீ ரொம்பச் சின்னவன். ஞாயிறு மதியம், அம்மா தூங்கிய பிறகு இங்கே வா. நாலு பக்கமும் போடுகிறேன். ஊசியை மட்டும் நீ தொடாதே.