டாக்கர் கன்டெய்னர்களுக்கு ஃபயர்வால்: மின்சாரம் திரும்பிய முதல் நிமிடத்தில் எது காக்கிறது?

டாக்கர் கன்டெய்னர்களுக்கான ஃபயர்வாலைத் தானியக்கமாக்கும் வழிகளை ஒப்பிடும் இந்த அலசலுக்கு அடிப்படையாக, கோத்தகிரிப் பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலக சர்வரை எடுத்துக்கொள்கிறேன். அது டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய இயந்திரம். அதில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வழியாக மூன்று கன்டெய்னர்கள் (அந்தப் பெட்டிகள்) ஓடுகின்றன: எடைக் கணக்குக்கான இணையச் செயலி, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுச் சேமிப்பு. தரவுத்தளத்தில் விவசாயிகளின் பெயர், அன்றாட எடை, பட்டுவாடாவுக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன. வெளியே தெரிய வேண்டியவை 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகள் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) மட்டுமே. மலையில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், சர்வர் ஒரே இரவில் பலமுறை அணைந்து எழக்கூடும். அப்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். ஆகவே எதை உள்ளே விடுவது என்ற ஃபயர்வால் விதியை எழுதுவது எவ்வளவு எளிது என்பதைவிட, மின்சாரம் திரும்பிய பிறகு யாரும் கைவைக்காமல், கன்டெய்னருக்கு முன்பாகவே விதி எழுந்து நிற்கிறதா என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

சிக்கலின் வேர், டாக்கர் பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகளை) அனுப்பும் பாதையில் இருக்கிறது. ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியிலிருந்து அணுகும்படி வெளியிட்டால், லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் நேட் அட்டவணையில் முகவரியை மாற்றும் விதி ஒன்றை டாக்கர் எழுதுகிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் சேருமிடம் அங்கேயே கன்டெய்னரின் உள் முகவரியாக மாறிவிடுவதால், அது சர்வருக்கே உரிய இன்புட் சங்கிலிக்குள் (சங்கிலி என்பது வரிசையாகப் பார்க்கப்படும் விதிகளின் தொகுப்பு) நுழையாமல் ஃபார்வர்ட் சங்கிலி வழியாகக் கடந்துபோகிறது. ஐபிடேபிள்ஸ் விதிகளை எளிதாக எழுத உதவும் யுஎஃப்டபிள்யூவில் நாம் வழக்கமாக எழுதும் தடை விதிகளோ இன்புட் பக்கத்தில் இருக்கின்றன. எனவே போஸ்ட்கிரஸின் 5432 போர்ட் மூடப்பட்டுவிட்டதாக அதன் பட்டியல் காட்டிக்கொண்டிருக்கும்போதே, வெளியிடப்பட்ட அந்தப் போர்ட் திறந்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், இதை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

இதற்குத் தீர்வாக டாக்கரின் அமைப்புக் கோப்பில் ஐபிடேபிள்ஸ் கையாளுதலையே அணைத்துவிடும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்டெய்னர்கள் இணையத்துக்குச் செல்லத் தேவையான விதியும் அதோடு போய்விடும். உள்ளே வரும் இணைப்புகள் டாக்கரின் இடைநிலை நிரல் வழியாக வருவதால், செயலியின் பதிவேட்டில் வருபவரின் உண்மையான ஐபி முகவரியும் தெரியாது.

டாக்கர் 17.06 பதிப்பில் வந்த டாக்கர்-யூசர் சங்கிலி இதைவிட ஒழுங்கானது. டாக்கர் தன் சொந்த விதிகளுக்கு முன்பாக இந்தச் சங்கிலியைப் பார்க்கும்; அதில் நாம் எழுதியதைத் தொடாது. யுஎஃப்டபிள்யூ-டாக்கர் என்ற ஸ்கிரிப்ட், யுஎஃப்டபிள்யூவின் கோப்பிலேயே இந்தச் சங்கிலிக்கான விதிகளைச் சேர்த்து, வெளியிலிருந்து கன்டெய்னர்களுக்கு வருவதை முதலில் மூடிவிடுகிறது. பிறகு கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ரூட் (route) வகை விதியால் வேண்டியதை மட்டும் திறக்கலாம். யுஎஃப்டபிள்யூ டாக்கருக்கு முன்பே எழுவதால் என் முதல் அளவுகோலில் இது தேறுகிறது. ஆனால் எண் குழப்பம் ஒன்று உண்டு. முகவரி மாறிய பிறகே பாக்கெட் இங்கே வருவதால், விதியில் எழுத வேண்டியது சர்வரின் போர்ட் அல்ல, கன்டெய்னரின் போர்ட். 8080-ஐ உள்ளே 80-உடன் இணைத்திருந்தால் 80-ஐத்தான் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால், உள்ளே 80-இல் இயங்கி வெளியிடப்பட்ட வேறு கன்டெய்னர்களும் சேர்ந்து திறந்துவிடும். ஒன்றை மட்டும் குறிக்க அதன் உள் ஐபியை எழுதினால், கன்டெய்னரை மீண்டும் உருவாக்கும்போது அது மாறக்கூடும்.

ஐபிடேபிள்ஸ் கட்டளைகளைத் தாமே எழுதுவோர், முகவரி மாறுவதற்கு முன்பிருந்த போர்ட் எண்ணை இணைப்புக் கண்காணிப்பின் வழியாகக் கேட்டு இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம். அவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஸ்கிரிப்டை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் எப்போது ஓடவைக்கிறார்கள் என்பதை. டாக்கருக்குப் பிறகு என்று வைத்தால், தானாக மறுதொடக்கம் ஆகும்படி குறிக்கப்பட்ட கன்டெய்னர்கள், டாக்கர் தான் தயார் என்று அறிவிக்கும் முன்பே எழுந்திருக்கும். அந்த இடைவெளியில் காவல் இல்லை. மின்சாரம் போய்வரும் இடத்தில் இந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் திரும்ப வரும்.

ஃபயர்வால்டி என்ற இன்னொரு ஃபயர்வால் கருவியில் பழகியவர்களுக்கும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. டாக்கர் 20.10 முதல் தன் பிரிட்ஜ்களை (கன்டெய்னர்களை இணைக்கும் மெய்நிகர் நெட்வொர்க்குகளை) டாக்கர் என்ற தனி மண்டலத்தில், அதாவது தனி விதிகள் கொண்ட தொகுதியில், வைத்துக்கொள்கிறது. பொது மண்டலத்தில் ஒரு போர்ட்டைத் திறக்காமல் விட்டாலும், டாக்கர் வெளியிட்டது வெளியே தெரியும். புதிய பதிப்புகளில் இதைக் கண்டிப்பாக மூடும் அமைப்பு ஒன்று வந்துள்ளது. ஆனால் அதை இயக்கினால் ஒவ்வொரு போர்ட்டையும் நாமே கன்டெய்னரின் ஐபிக்குத் திருப்பிவிட வேண்டும். தானியக்கம் தேடி வந்தவருக்கு அது பின்னோக்கிய பயணம்.

தானியக்கம் என்ற சொல்லுக்கு மிக நெருங்கி நிற்பவை, கன்டெய்னரின் லேபிளைப் படித்து விதி எழுதும் கருவிகள். கோ மொழியில் எழுதப்பட்ட வேல்வால் அப்படிப்பட்டது: டாக்கரின் நிகழ்வுச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்து, கன்டெய்னர் எழும்போது அதன் லேபிளில் உள்ளபடி, ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில் விதிகளைச் சேர்க்கிறது. கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் சேவையும் அதன் விதியும் அருகருகே இருப்பது பெரிய வசதி. சேவையை நீக்கும்போது விதியை மறந்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. கன்டெய்னர்கள் அடிக்கடி மாறும் பெரிய நிறுவனத்தில் நான் இதையே முதலில் பரிசீலிப்பேன். கோத்தகிரி சர்வருக்கு மட்டும் தயங்குகிறேன். கன்டெய்னர் எழுந்த செய்தி வந்த பிறகே அதற்கான விதியை எழுத முடியும் என்பது இத்தகைய எந்தக் கருவிக்கும் இயல்பான வரம்பு. மேலும் டாக்கரின் சாக்கெட்டை (அதற்குக் கட்டளையிடும் வாயிலை) கையில் வைத்திருக்கும் நிரல், நடைமுறையில் ரூட் (root) எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் பெற்ற நிரல்தான். அதையும் கண்காணித்துப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும்.

டாக்கரை விடாமல் தொடர்வதானால், நான் தேர்ந்தெடுப்பது என்எஃப்டேபிள்ஸில் நமக்கென்று ஒரு தனி அட்டவணை. லினக்ஸ் கெர்னல் 3.13-இல், 2014-ஆம் ஆண்டு, நுழைந்த இந்த அமைப்பில் ஒரே இடத்தில் பல சங்கிலிகளை முன்னுரிமை எண்ணோடு தொங்கவிடலாம். எண் சிறியதாக உள்ளது முதலில் ஓடும். ஒரு சங்கிலி தடுத்துவிட்டால் அதுவே இறுதி. அனுமதித்தால், பாக்கெட் அடுத்த சங்கிலியின் சோதனைக்கும் போகும். ஆகவே ஃபார்வர்ட் இடத்தில் டாக்கருக்கு முந்தைய எண்ணில் நம் சங்கிலியை வைத்து, ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை விட்டுவிட்டு, வெளி இடைமுகத்திலிருந்து வரும் புதிய இணைப்பு முதலில் நாடிய போர்ட் 80 அல்லது 443 இல்லையென்றால் தடு என்று எழுதினால் போதும். இதில் கன்டெய்னரின் பெயரோ ஐபியோ வராது. நாளை யாரோ அவசரத்தில் போஸ்ட்கிரஸ் போர்ட்டை வெளியிட்டாலும் அது வெளியே தெரியாது. டாக்கரின் இடைநிலை நிரல் வழியாக வரும் ஐபிவி6 இணைப்புகள் இன்புட் பக்கம் செல்லக்கூடும் என்பதால், அங்கேயும் அதே கட்டுப்பாடு வேண்டும். சிஸ்டம்டி இந்தக் கோப்பை நெட்வொர்க் எழும் முன்பே ஏற்றிவிடும். கோப்பை ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவி மூலம் ஒரே வார்ப்பிலிருந்து பல சர்வர்களுக்கு அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். டெபியனுடன் வரும் என்எஃப்டேபிள்ஸ் கோப்பின் தொடக்கத்திலேயே எல்லா விதிகளையும் துடைக்கும் கட்டளை இருக்கிறது. டெபியன் 10 முதல் ஐபிடேபிள்ஸ் கட்டளையும் உள்ளே என்எஃப்டேபிள்ஸையே பயன்படுத்துவதால், அந்தச் சேவையை இடையில் மறுதொடக்கம் செய்தால் டாக்கரின் விதிகளும் அழிந்து, கன்டெய்னர்களின் தொடர்பு அறுந்துவிடும். அந்த வரியை நீக்கி, நம் அட்டவணையை மட்டும் அழித்து மீண்டும் எழுதும்படி கோப்பை அமைக்க வேண்டும். சேவை நிற்கும்போது ஓடும் துடைப்புக் கட்டளையையும் அப்படியே மாற்ற வேண்டும். டாக்கர் 29-இல் சோதனை நிலையில் வந்துள்ள நேரடி என்எஃப்டேபிள்ஸ் ஆதரவில் டாக்கர்-யூசர் சங்கிலியே கிடையாது என்பது, தனி அட்டவணைக்கு இன்னொரு சாதகம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் விடை வேறு: டாக்கருக்கு மாற்றான, ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும் பாட்மேன். அதில் போர்ட்டைத் திறந்து காத்திருப்பது சாதாரணப் பயனரின் நிரல் என்பதால், வரும் பாக்கெட் இன்புட் சங்கிலி வழியாகவே போகும். யுஎஃப்டபிள்யூ சொல்வதும் நடப்பதும் ஒன்றாக இருக்கும். 1024-க்குக் கீழான போர்ட்டுகளுக்குக் கெர்னல் அமைப்பு ஒன்றை மாற்ற வேண்டும். யாரும் உள்நுழையாதபோதும் அந்தப் பயனரின் சேவைகள் எழும்படி லிங்கர் வசதியை இயக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் மின்சாரம் வந்த பிறகு செயலியே எழாது. அது தொல்லைதான், ஆனால் தரவு வெளியே கசிவதோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியது.

எந்த வழியானாலும் போஸ்ட்கிரஸுக்கும் ரெடிஸுக்கும் போர்ட் வெளியிடவே தேவையில்லை. செயலியோடு ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போதும். பராமரிப்புக்கு வேண்டுமென்றால், சர்வரையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டலாம். ஆனால் டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், ஒரே உள்நெட்வொர்க்கில் உள்ள வேறு கணினியால் அப்படிக் கட்டிய போர்ட்டையும் அடைய முடிந்தது. எடைமேடைக் கணினியும் வருவோர் போவோரின் கைபேசியும் ஒரே வைஃபையில் இருக்கும் அலுவலகத்தில் இது சிறிய விஷயம் அல்ல. சோதனையை சர்வருக்குள்ளிருந்து செய்தால் பாதையே வேறு என்பதால் பயனில்லை. இலை வரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, அதே வைஃபையில் உள்ள மடிக்கணினியிலிருந்து ஒருமுறையும், பொது ஐபி இருந்தால் கைபேசி டேட்டாவிலிருந்து இன்னொரு முறையும், போஸ்ட்கிரஸின் 5432, ரெடிஸின் 6379 மீது, திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவியான என்மேப்பைத் தொடர்ந்து ஓடவிட்டபடியே சர்வரை மறுதொடக்கம் செய்து, எழும் நேரம் முழுவதும் அந்த இரண்டு போர்ட்டுகளும் ஒரு கணம்கூடத் திறந்ததாகக் காட்டவில்லையா என்று பார்க்க வேண்டும்.