சித்தியின் கடைவாய்ப்பல்

பொங்கல் முடிந்த மறுவாரம், காலையில் சித்தி கன்னத்தைக் கையால் தாங்கியபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனால் கிராம்புத் தைல வாசனை. என்ன என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை கண்ணு, பல்தான்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆடியிலிருந்து என்றார். ஆடியில் தொடங்கிய வலியைத் தை வரை ஒரு மனுஷி தைலத்தை வைத்தே தள்ளியிருக்கிறார். வலி தாங்காத இரவுகளில் புகையிலைத் துணுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டதாகவும் பிறகு சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். நான் கனடாவுக்குப் போய் 22 ஆண்டுகள் ஆகின்றன. 2025 தையில் ஐந்து வார விடுப்பில் வந்திருந்தேன். திருமணம், கோயில், உறவினர் வீடுகள் என்று போட்டிருந்த திட்டமெல்லாம் சித்தியின் இடது கடைவாய்ப்பல்லால் மாறிப்போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகப் பார்த்த ஒரே விஷயம் அதுதான்.

பல்லைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இருக்கும். இந்தப் பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் கெட்டு, வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் சேர்ந்தே பல் முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரித்தேன். பல் விளக்காத பெண் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டு, எங்கள் தெருக் குழாயிலும் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்குப் பின் பிறந்த எங்கள் வீட்டுக் குழந்தைகளின் முன்பற்கள் வெள்ளையாக இருக்கின்றன. இந்த முறை வந்திறங்கிய அன்றே முதலில் கவனித்தது அதைத்தான்.

சித்தியைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். "எதற்கு அவ்வளவு தூரம்? நம் வட்டார ஆஸ்பத்திரியிலேயே பல் டாக்டரம்மா இருக்கிறார்" என்றார் சித்தியின் மருமகள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஊரில் இருந்த காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் தடுப்பூசி, பிரசவம், காய்ச்சல் மாத்திரை, அவ்வளவுதான். பல்லுக்கென்று ஒருவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் அப்பாவுக்குப் பல்வலி வந்தபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பட்டணம் போய், பிடுங்கிக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்குள் ஒவ்வொன்றாக எல்லாப் பற்களையும் அப்படித்தான் இழந்தார். அவற்றில் ஒன்றையாவது அடைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பல் வலித்தால் பிடுங்குவார்கள், அதுதான் வைத்தியம் என்று வளர்ந்தோம்.

திங்கட்கிழமை காலை போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது, அதனால் இருவருக்குமே செலவில்லை. ஓ.பி. சீட்டு வாங்கி, பின்கட்டில் இருந்த பல் பிரிவுக்குப் போனால் உண்மையாகவே ஒரு பல் நாற்காலி. தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் கம்ப்ரஸர், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ். மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டமே இப்படி மாவட்ட மருத்துவமனைக்குக் கீழே உள்ள நிலையங்களுக்கும் பல் நாற்காலியும் ஆளும் போய்ச்சேர வேண்டும் என்றுதான் சொல்கிறது. நான் டொராண்டோவில் போகும் பல் கிளினிக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் நாற்காலி பழையது. ஆனால் கருவிகள் ஒவ்வொன்றும் உறையிலிருந்து பிரிக்கப்பட்டுத்தான் எடுக்கப்பட்டன. அதை நான் நின்று கவனித்தேன்.

எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் எட்டு பேர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள். டாக்டர் சொல்லி அல்ல, வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர்கள்.

டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். சித்தியின் வாயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "சர்க்கரை இருக்கிறதா அம்மா?" என்பதுதான். இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார் என்றார் சித்தி. அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் கூடுதலாகவே இருந்தது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சித்தி ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். தன் வாய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டார். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்த வீடு தேடி வரும் திட்டம் எங்கள் தெருவில் எத்தனையோ பேரை வாழவைக்கிறது. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண் கூடவே "பல் வலிக்கிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அங்கே உட்கார்ந்தபடியே நினைத்துக்கொண்டேன். புகையிலை அடக்கும் ஊரில் அந்த மூன்றாவது கேள்வி உயிரையே காப்பாற்றும்.

ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, வீக்கம் வற்றியதும் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். பைசா செலவில்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால் சித்தியின் பேத்தியும் கூட வந்தாள். ஏழு வயது. பாட்டியின் முறைக்காகக் காத்திருந்தபோது அவள் கொட்டாவி விட, உள்ளே போய்க்கொண்டிருந்த டாக்டர் நின்று குனிந்து பார்த்தார். பாட்டிக்கு முன்பு அவளைத்தான் நாற்காலியில் ஏற்றினார்கள். கீழ்க் கடைவாயில் ஒரு கரும்புள்ளி. சித்தி அலட்டிக்கொள்ளவில்லை. "பால்பல்தானே அம்மா, விழுந்து முளைக்கும்" என்றார்.

"இல்லை அம்மா, இது விழாது. ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல். வயதான காலம் வரைக்கும் இதுதான்" என்றார் டாக்டர்.

எனக்கும் அது தெரியாது. எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் புதிதாக முளைப்பதால் பெற்றோர் இதைப் பால்பல் கணக்கில் சேர்த்து விட்டுவிடுகிறார்களாம். அதனாலேயே நம் ஊரில் அதிகம் பறிபோவதும் இந்தப் பல்தான் என்றார். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைத்தார். ஊசி இல்லை, அழுகை இல்லை, இருபது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த பல் பொருட்களில் இதுவும் ஒன்று. மின்சாரம் இல்லாத இடத்தில்கூடக் கைக்கருவிகளை மட்டும் வைத்து இதைக் கொண்டு அடைத்துவிட முடியும். அந்தக் குழந்தைக்கு இனி அந்தப் பல்லில் வேர் சிகிச்சையோ (ரூட் கெனால்) பிடுங்கலோ தேவைப்படாமலே போகலாம். அவள் பாட்டிக்குத் துணையாக வந்ததால் நடந்தது இது. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் பல் சொத்தையும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தால் அடைப்பதற்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி வேண்டும், அந்த நாற்காலி இங்கே இருக்கிறது. நடுவில் பள்ளியிலிருந்து நிலையம் வரை குழந்தையைக் கூட்டிவர ஒரு ஆள் வேலையை விட வேண்டும். நின்றுபோவது அங்கேதான்.

பிறகு சித்தியின் முறை. வீக்கம் வற்றியிருந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். பல் இன்னும் உறுதியாக இருக்கிறது, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல வருடம் வரும். ஆனால் இந்த நிலையத்தில் பல்லுக்கான எக்ஸ்ரே இல்லை, அதனால் தர்மபுரிக்குத்தான் போக வேண்டும், மூன்று முறையாவது போக வேண்டியிருக்கும். அல்லது, சர்க்கரை குறைந்ததும் இங்கேயே பிடுங்கிவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும்.

சித்தி யோசிக்கவே இல்லை. "பிடுங்கிவிடுங்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பி, "ஒரு பல்லுக்காக மூன்று நாள் வேலையை விடுவதா கண்ணு?" என்றார். 100 நாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். பஸ் டிக்கெட் இல்லைதான், நாள் போய்விடுகிறதே. கூட ஒருவர் வந்தால் அவருடைய நாளும் போய்விடும். என் அப்பாவும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். இத்தனை வருடமாக அதை அறியாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல்லின் மதிப்பு தெரியாததால் அவர்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. காப்பாற்றும் சிகிச்சை மூன்று பயணத் தொலைவில் இருக்கிறது, பிடுங்கும் சிகிச்சை ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழையின் பல் நிற்குமா போகுமா என்பதை அந்தத் தூரம்தான் முடிவு செய்கிறது.

கனடாவில் இருந்து வந்தவள் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்று தயங்கினேன். உண்டு என்றே நினைக்கிறேன். அங்கே இதய அறுவைச் சிகிச்சைக்குக்கூடக் கையிலிருந்து பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் பல் மட்டும் பல ஆண்டுகளாக அந்தப் பொதுக் காப்பீட்டுக்கு வெளியேதான் இருந்தது. வேலை வழியாகக் காப்பீடு இல்லாதவர்கள் சொந்தக் காசில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் போன புதிதில் துப்புரவு வேலை செய்தபோது எனக்கும் ஒரு பல் போனது, அடைக்கப் பணம் இல்லாமல். குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் குறைவாக, வேறு காப்பீடு இல்லாமல் இருப்பவர்களுக்கான கூட்டாட்சி அரசின் பல் மருத்துவத் திட்டத்தில் 2024 மே மாதம்தான் சிகிச்சை தொடங்கியது, அதுவும் முதியவர்களிலிருந்து. பல்லை உடம்பிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்கும் வழக்கம் இரண்டு நாட்டிலும் இருந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் வட்டார நிலையத்தின் பின்கட்டில் அந்த நாற்காலியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்துவிட்டு நகரத்தில் ஒரே தெருவில் நான்கு கிளினிக் என்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நாமே பார்க்கிறோம். கிராமத்துக்குத் தேவைப்படுவது நிரந்தரப் பணியிடம், ஒரு சிறிய எக்ஸ்ரே கருவி, வேர் சிகிச்சைக்கான பொருட்கள், ஒரு உதவியாளர். எங்கள் டாக்டரிடம் இவற்றில் எது உடனே வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல், "எக்ஸ்ரே" என்றார். அது இருந்தால் அன்று வந்த எட்டுப் பேரில் மூன்று பேருடைய பல்லையாவது காப்பாற்றியிருப்பேன் என்றார். பல் செட் கேட்டு வருபவர்களையும் அவர் வெளியே அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. பல் இல்லாத முதியவர் களியையும் கூழையும் விழுங்கித்தான் காலம் தள்ளுவார். கீரைத் தண்டும் கறியும் நிலக்கடலையும் அவர் தட்டிலிருந்து போய்விடும்.

என் விடுப்புக்குள் முடிய வேண்டும் என்பதால் சித்தியைத் தர்மபுரியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மூன்று முறை போனோம். கேப்போடு சேர்த்து 6,500 ரூபாய். அவர் விட்ட நாட்களுக்கான கூலியை நான் வலுக்கட்டாயமாகக் கையில் வைத்தேன், திட்டிக்கொண்டே வாங்கினார். பல் நின்றது. ஆனால் முதல் நாள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, என் வயதுதான் இருக்கும் ஒரு பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை. கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தவர், கையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைத் திறந்து, பிடுங்கிய பல்லை ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு வேகமாக பஸ்ஸுக்கு நடந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஈறு சுத்தம் செய்துகொள்ள ஆறு மாதம் கழித்து சித்தி வர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆடியில் ஒரு நாள் போன் வந்தது. சித்தி போய்விட்டு வந்திருக்கிறார். தனியாக அல்ல, வேலைக்கு ஒன்றாகப் போகும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு. அவர்களில் ஒருவருக்குச் சின்னச் சொத்தை, வலி வருவதற்கு முன்பே அடைத்துவிட்டார்களாம். "வியாழக்கிழமை மட்டும் போகக்கூடாது கண்ணு, டாக்டரம்மா அன்றைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்" என்று எனக்கும் விவரம் சொன்னார். எக்ஸ்ரே வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை, நானும் கேட்டேன் என்றார்.