மலைப்பாதை விடுதிகளுக்கு ரொக்கம்: ஜப்பானின் செவன் பேங்க் ஏ.டி.எம். எப்படி?

ஜப்பான் என்றதும் எல்லாவற்றுக்கும் கார்டு செல்லும் என்ற நம்பிக்கையோடு கிளம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன், விடுதிகளிலிருந்து வந்த மின்னஞ்சல்களைக் கடைசி வரி வரை படித்திருக்காவிட்டால். கோயாசான் மலையில் ஒரு புத்தக் கோயிலின் தங்கும் அறையில் ஓர் இரவு, அதன்பின் குமானோ கோதோ என்ற பழைய யாத்திரைப் பாதையில் மூன்று சிறு விடுதிகளில் மூன்று இரவுகள் என்று நானும் மனைவியும் திட்டமிட்டிருந்தோம். நான்கு இடங்களும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருந்தன: வந்து சேர்ந்ததும் ரொக்கமாகத் தர வேண்டும், கார்டு ஏற்பதில்லை. குமானோ கோதோ 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பாதைதான். ஆனால் அங்கே விடுதி நடத்துகிறவர்களில் பலர் தம் வீட்டின் மூன்று நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு, இரவு உணவும் காலை உணவும் தாமே சமைத்துப் போடும் முதியவர்கள். அவர்களிடம் கார்டு இயந்திரத்தை எதிர்பார்ப்பது நம் ஊரில் வீட்டுச் சாப்பாடு போடும் பாட்டியிடம் அதை எதிர்பார்ப்பது போலத்தான்.

கணக்கு இதுதான். கோயாசானில் ஒருவருக்கு 16,000 யென் வீதம் 32,000. மலை விடுதிகளில் ஒருவருக்கு 12,500 வீதம், இருவருக்கு மூன்று இரவுகளுக்கு 75,000. யுனோமினே வெந்நீர் ஊற்று கிராமத்தில் குளியல் வரி ஆளுக்கு 150. ஆக, தங்குவதற்கு மட்டும் 1,07,300 யென் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். பேருந்துக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து 1,40,000 என்று வைத்துக்கொண்டோம். நாங்கள் போன சமயத்தில் ஒரு யென்னின் மதிப்பு சுமார் 58 காசு.

இதில் 60,000 யென்னைச் சென்னையிலேயே ஒரு பணமாற்று நிலையத்தில் வாங்கிக்கொண்டோம். பாஸ்போர்ட், பான் அட்டை, விமானச் சீட்டு மூன்றையும் கேட்டார்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுத் தாள்களாக எடுத்துச் செல்ல அனுமதி இருப்பதால் முழுத் தொகையையும் அங்கேயே வாங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன விலை சந்தை மதிப்பைவிட ஐந்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாக இருந்ததாலும், அத்தனை பணத்தையும் பையில் வைத்துக்கொண்டு ஒசாகா ரயில்களில் நெரிசலில் நிற்க மனைவிக்கு மனம் வராததாலும், மீதியைச் செவன் பேங்க் ஏ.டி.எம்.மை நம்பி விட்டுவைத்தோம்.

செவன் பேங்க் என்பது செவன் இலெவன் கடைகளின் குழுமம் 2001-இல் தொடங்கிய வங்கி. கிளைகளைவிட இயந்திரங்களையே நம்பி நடக்கும் இந்த வங்கிக்கு ஜப்பான் முழுவதும் 25,000-க்கும் மேற்பட்ட ஏ.டி.எம்.கள் உள்ளன, 2007 முதல் அவை வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கின்றன. ஜப்பானியப் பெருவங்கிகளின் இயந்திரங்கள் பல இன்றும் நம் கார்டைத் திருப்பித் துப்பிவிடுகிற நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. கார்டைச் செருகியதும் அது வெளிநாட்டுக் கார்டு என்று தானே கண்டுகொண்டு மொழியைக் கேட்கிறது. பன்னிரண்டு மொழிகள் இருக்கின்றன. தாய், மலாய், வியட்நாமியம் எல்லாம் உண்டு, தமிழும் இந்தியும் இல்லை. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான்கு திரைகளுக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடும் என்று சொல்ல வேண்டும்; கான்சாய் விமான நிலையத்தில் எங்களுக்கு முதல் இரண்டு முயற்சிகளும் முடியவில்லை. இரண்டிலும் குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை. மனைவியின் கார்டு முதலில் மறுக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16-க்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கியின் செயலியில் திறந்துவைக்க வேண்டும். அவர் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் கடைகளில் தேய்ப்பதற்கு மட்டும், ஏ.டி.எம்.முக்கு அதே பக்கத்தில் கீழே தனியாக இன்னொரு பொத்தான் இருந்ததைக் கவனிக்கவில்லை. சரி, அங்கேயே நின்று அதைத் தட்டலாம் என்றால், வங்கி ஓ.டி.பி.யைச் சென்னை எண்ணுக்கு அனுப்பியது. அந்த சிம் கார்டுக்கு ரோமிங் போடாமல், உள்ளூர் இ-சிம் வாங்கிக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக வந்திருந்தோம். அந்தக் கார்டு ஊர் திரும்பும் வரை பணப்பையின் உள்ளறையில் ஓய்வெடுத்தது.

அடுத்து என் கார்டு. சிப் வைத்த வெளிநாட்டுக் கார்டுக்குச் செவன் பேங்க் ஒரு தடவைக்கு 1,00,000 யென் வரை தருகிறது என்று படித்திருந்ததால் அதையே அழுத்தினேன். மறுப்பு. ஏன் என்று திரை சொல்லவில்லை. கார்டு கொடுத்த வங்கியைக் கேட்கும்படி மட்டும் ஒரு வாக்கியம். பின்னால் இருவர் வரிசையில் நிற்க, சற்று யோசித்த பிறகுதான் புரிந்தது: லட்சம் யென் என்பது 58,000 ரூபாய், என் கார்டின் ஒரு நாள் வரம்போ 50,000. இயந்திரம் தாராளமாகத் தர நின்றாலும் நம் வரம்பு முன்னதாகவே வந்து குறுக்கே நிற்கிறது. 80,000 என்று அழுத்தியதும் மொடமொடப்பான எட்டுத் தாள்கள் வந்தன. எட்டிலும் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியின் முகம். 2024 ஜூலை 3-ஆம் தேதி வெளியான புதிய வரிசை அது. காரணத்தைச் சொல்லாத இந்த மறுப்புத்தான் இயந்திரத்தைப் பற்றிய என் முதல் குறை. வரம்பு மீறலா, பூட்டிய கார்டா என்ற ஒரு சொல் இருந்தால், களைப்போடு இறங்கும் பயணிக்குப் பத்து நிமிடப் பதற்றம் குறையும்.

செலவு என்று பார்த்தால், செவன் பேங்க் எடுத்துக்கொண்டது 220 யென்; 10,000 யென்னோ அதற்குக் குறைவோ எடுத்தால் 110. பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது நம் ஊர் வங்கிதான்: 3.5 சதவீத மார்க்கப் (நாணயத்தை மாற்றித் தருவதற்கான கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜி.எஸ்.டி., வெளிநாட்டு ஏ.டி.எம். கட்டணமாகத் தனியே 125 ரூபாய், அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டினால் 80,000 யென்னுக்கு ஏறக்குறைய 2,200 ரூபாய், அதாவது ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னைப் பணமாற்று நிலையத்தோடு ஒப்பிட்டால் லாபம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதே 80,000-ஐப் பத்துப் பத்தாயிரமாக எட்டு முறை எடுத்திருந்தால், நிலைக்கட்டணம் மட்டுமே 1,700 ரூபாய்க்கு அருகில் போயிருக்கும். ஒரே முறையில் அது 275 ரூபாய். இன்னொன்று: பணத்தை யென்னில் கணக்கிடவா, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்ற கேள்வி எந்த இயந்திரத்தில் வந்தாலும் யென் என்றே சொல்ல வேண்டும். ரூபாயைக் காட்டும்போது தெரிந்த எண்ணாக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கு விலை உண்டு.

இந்தச் சேவையின் உண்மையான எல்லை மலையில்தான் தெரிகிறது. கோயாசானிலிருந்து இறங்கி, வாகாயாமா வழியாக கீ-தனாபேவுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் தாகிஜிரிக்குப் போய் நடக்கத் தொடங்கிய பிறகு, பாதையில் இந்த ஏ.டி.எம். இருக்கும் செவன் இலெவன் கடை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. பாதையில் வரும் ஹோங்கூ என்ற சிற்றூரில் உள்ள அஞ்சலகத்தின் ஏ.டி.எம். நம் கார்டை ஏற்றது. முன்னெச்சரிக்கைக்காக அங்கே 20,000 எடுத்துக்கொண்டேன். அஞ்சலக வங்கி வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 50,000 யென்தான் தரும் என்பதைவிட, சிற்றூர் அஞ்சலகங்களின் இயந்திரங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. மாலையில் களைத்து வந்து சேரும்போது கதவு சாத்தியிருக்கலாம். ஆகவே விடுதிப் பணம் முழுவதையும் நகரத்திலேயே எடுத்து, இரவுவாரியாக உறைகளில் போட்டு வைத்துக்கொள்வதே சரி. நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

யுனோமினேயில் விடுதி அம்மாள் ஒரு சிறு தட்டை எங்கள் முன் நகர்த்திவைத்தார். ஜப்பானில் பொதுவாகப் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, தட்டில்தான் வைப்பார்கள். 25,300 யென்னுக்கு மூன்று பத்தாயிரம் தாள்களை வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார், உள்ளே போனார், நீண்ட நேரம் கழித்து 4,700 யென்னைத் திரட்டிக்கொண்டு, தாமதத்துக்காக இரண்டு முறை குனிந்து மன்னிப்புக் கேட்டபடி வந்தார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அதுதான் இரண்டாவது குறை. எனக்கு வந்தவை எல்லாம் பத்தாயிரம் யென் தாள்கள். இந்தப் பக்கத்துக் கிராமப் பேருந்துகளில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள சில்லறை இயந்திரம் ஆயிரம் யென் தாளை மட்டுமே விழுங்கும். பத்தாயிரத்தை நீட்டினால் ஓட்டுநரின் முகத்தில் வருத்தம்தான் மிஞ்சும். நல்லவேளையாக, பணம் தரும் இயந்திரமும் அதை மாற்றித் தரும் கல்லாவும் ஒரே கடைக்குள்தான் இருக்கின்றன. கீ-தனாபே பகுதி உப்பிட்ட உமே என்னும் ஜப்பானியப் பிளம் பழத்துக்குப் பேர்போனது. அதை நடுவில் வைத்த சோற்று உருண்டை ஒன்று இருநூறு யென்னுக்குள் கிடைக்கும், சைவர்களுக்கும் ஆகும். ஒன்றை எடுத்துப் பத்தாயிரத்தை நீட்டினால், கல்லாவில் நிற்பவர் முகம் சுளிக்காமல் தாள்களை விசிறிபோல் விரித்து நம் கண்முன்னே எண்ணித் தருகிறார். அந்த ஊரில் மூன்று கடைகளில் நாங்கள் வாங்கிய ஐந்து உருண்டைகளில் இரண்டுதான் பசிக்காக வாங்கியவை.