கயிறு நன்றாக இருக்கிறது, மணல் குழிதான் சரியில்லை

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு தனியார் பயிற்சி மையம் இது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்று வேலைக்கும் ஒரே ஆட்சேர்ப்புத் தேர்வுதான் என்பதால் ஒரே வகுப்பில் எல்லோரையும் உட்கார வைக்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லை. டெல்டாவில் எங்கே சேர்ந்தாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் கயிறு. உடற்திறன் தேர்வில் ஒவ்வொரு போட்டிக்கும் ஸ்டார் கணக்கில்தான் மதிப்பெண். ஆண்களுக்கு ஒரு ஸ்டாருக்கு 5 மீட்டர், இரண்டு ஸ்டாருக்கு 6 மீட்டர் ஏற வேண்டும். பல இடங்களில் வேப்பமரக் கிளையில் நாலரை மீட்டர் உயரத்தில் கட்டிவிட்டு, "மிச்சத்தை அங்கே போய் ஏறிக்கலாம்" என்பார்கள். ஏற முடியாது. கை சோர்ந்துபோவதே கடைசி ஒரு மீட்டரில்தான். இங்கே இரும்புச் சட்டத்தில் 7 மீட்டருக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள், 5-லும் 6-லும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கால் பூட்டும் முறையாகச் சொல்லித்தருகிறார்கள்: முழங்காலை மார்புவரை இழுத்து, ஒரு பாதத்தின் மேல் கயிற்றைப் போட்டு மறு பாதத்தால் அழுத்தி, காலை ஊன்றி எழுந்த பிறகே கை மாற்ற வேண்டும். கையாலேயே இழுத்து ஏறுபவன் பாதியில் நின்றுவிடுவான். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கை உரிந்து ஒரு வாரப் பயிற்சி போய்விடும். அதையும் கண்டிக்கிறார்கள்.

மணல் குழிதான் பெரிய குறை. களிமண் தரையில் நேராகக் குழி வெட்டி ஆற்று மணலைக் கொட்டியிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் மணல் இறுகிப்போகிறது, குதித்தால் கணுக்கால் பிசகும். அடியில் ஜல்லி பரப்பி, ஓரமாக ஒரு வடிகால் வெட்டினால் போதும். நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50-க்கு இரண்டு. அந்த 70 சென்டிமீட்டரை நல்ல குழி இல்லாமல் யாரும் சம்பாதிக்க முடியாது.

1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி என்று கடிகாரத்தோடு ஓடவிடுகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் மைதானம் சேறானால் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒருபக்கம் சரிந்த கரையில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பில் வலி பிடிக்கும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்றாவது ஓடவிட வேண்டும்.

100 மீட்டரா, 400 மீட்டரா என்று மாணவனே தேர்ந்தெடுக்கலாம். குறைந்த தூரம் என்று எல்லோரையும் 100-க்குத் தள்ளுவது தவறு. அதில் இரண்டு ஸ்டாருக்கு 13.50 விநாடி, இயல்பான வேகம் இல்லாதவனுக்கு எட்டாது. 400-ஐ 70 விநாடியில் முடிக்க, நூறு மீட்டருக்குப் பதினேழரை விநாடி போதும். மாதக்கணக்கில் உழைத்தால் வந்துவிடும்.

எழுத்துத் தேர்வு வகுப்பு பரவாயில்லை. தமிழ்த் தகுதித் தாள் 80 மதிப்பெண், 32 எடுத்தால் தேர்ச்சி. அது தரவரிசையில் சேராது. சேர்வது பொது அறிவு 45, உளவியல் (தர்க்கம், எண் கணக்கு வகைக் கேள்விகள்) 25 ஆக எழுத்துத் தேர்வில் 70 மட்டுமே. இருந்தும் வாரத்தில் பாதி நேரம் இலக்கணத்துக்கே போகிறது, உளவியல் கணக்குகள் அவசர அவசரமாக முடிகின்றன.

இன்னொன்று, பணம் வாங்கும் முன் அளந்து பார்ப்பதில்லை. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81, மூச்சிழுத்தால் 5 விரிய வேண்டும். உயரம் போதாத பையனிடம் கட்டணம் வாங்குவது அநியாயம். கூடவே "தீ பாதுகாப்பு டிப்ளமோ" ஒன்றையும் விற்கிறார்கள். இந்தத் தேர்வுக்குத் தேவை பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான், டிப்ளமோவுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. சிறப்பு மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத்தான்.

2004-ல் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே இந்த வேலைக்கு வருபவர்களிடம் வாங்கும் காசுக்கு நேர்மையாக இருக்க வேண்டும். கயிற்றுக்காக மட்டும் சேர்வதென்றால் சேரலாம், டிப்ளமோ ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.