வருசக்கணக்கா கேட்டும் சலிக்காத ரொக், மெட்டல் அல்பங்கள்

மெட்டல், அதான் ரொக்ல இருந்து வந்த பாரமான கிட்டார் இசை, அதக் கேக்கத் தொடங்கி கனகாலம் ஆகிட்டு. இதுக்குள்ள போன் மாறி, ஹெட்செட் மாறி, சீடி போய் பென்டிரைவ் வந்து, அதுவும் போய் இப்ப எல்லாமே ஸ்ட்ரீமிங். ஆனா சில அல்பங்கள மட்டும் எந்தப் புதுப் போன் வாங்கினாலும் முதல் வேலையா இறக்கி வச்சிருவன். அதுகளப் பத்தித்தான் எழுதுறன். என்ட அளவுகோல் ஒண்டுதான், முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அவங்க போட்ட ஒழுங்குலயே ஒண்டையும் தாவாம இப்பவும் கேக்க ஏலுமா?

மட்டக்களப்பு ஆக்களுக்கு இத விளங்கப்படுத்துறது லேசு. விடிய விடிய கூத்துப் பாத்த சனம் நாங்க. ராசாட வரவ மட்டும் பாத்திட்டு எழும்பிப் போனா அது கூத்துப் பாத்ததா ஆகாது, கட்டியகாரன் வந்து, ஒவ்வொரு ஆளா வரவு ஆடி, நடுச்சாமத்துல கொஞ்சம் தொய்ஞ்சு, மறுகா விடியப்போற நேரம் மத்தளம் ஏறி அடிக்கக்குள்ளதான் ராவு முழுக்க முழிச்சிருந்ததுக்கு ஒரு பலன் தெரியும். நல்ல அல்பமும் அப்பிடித்தான், ஒரு பாட்ட மட்டும் பிச்செடுத்துக் கேட்டா பாதி போயிரும்.

மெட்டாலிக்கா எண்ட பேண்ட்ட மாஸ்டர் ஒப் பப்பெட்ஸ், 1986. எட்டுப் பாட்டு, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. டைட்டில் பாட்டுல, பாடி கிட்டாரும் வாசிக்கிற ஹெட்ஃபீல்ட், பிக்க (நரம்பத் தட்டுற சின்னத் துண்டு) மேல கீழ ஆட்டாம கீழ்நோக்கியே அடிச்சிக்கிட்டுப் போறார், அந்த வேகத்துல அப்பிடி அடிக்க மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும் எண்டு கிட்டார் தொட்டவங்களுக்குத் தெரியும், அந்த ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வாற கிட்டார் மெட்டு) ஒரு மொத்துற தன்மை வாறதே அதாலதான். மறுகா பாட்டு நடுவுல எல்லாம் அடங்கி கரகரப்பு இல்லாத கிளீன் கிட்டார் மட்டும் வரும், அந்த இடத்துல எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியும்.

ஆனா இந்த அல்பத்த நான் விடாமப் பிடிச்சிருக்கிறதுக்குக் காரணம் டிஸ்போசபிள் ஹீரோஸ். சண்டைக்கு அனுப்புற ஒரு பொடியனப் பத்தின பாட்டு. மேல இருக்கிறவன் கட்டளை போடுறான், இவன் போறான், செத்தா அடுத்தவன். இதப் பாடினவங்களுக்கு மட்டக்களப்பு எங்க இருக்கு எண்டே தெரிஞ்சிருக்காது. ஆனா சண்டைக்குள்ள வளந்த எங்களுக்கு அது தூரத்துக் கதை இல்ல, எங்கட ஊர்ல வாய்விட்டுக் கதைக்காத ஒரு விசயத்த எட்டு நிமிசத்துக்கு மேல, ஒளிக்காம, இவ்வளவு கோவமா, ஆனா ஒரு தாளமும் பிசகாம சொல்லி வச்சிருக்காங்க. கோவத்துக்கு ஒரு உருவம் குடுக்கலாம் எண்டு நான் படிச்சது அதுலதான்.

அதே அல்பத்துல ஒரையன். வார்த்தையே இல்ல, நடுவுல அவங்கட கிளிஃப் பர்ட்டன்ட பேஸ் (அடித்தொனி கிட்டார்) தனிய நடந்து போகும். அல்பம் வந்த அதே வருசம் செப்டம்பர்ல சுவீடன்ல பஸ் விபத்துல அவர் செத்துப்போனார், 24 வயசு. அடுத்த அல்பம் அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல், 1988, அதுல பேஸ் கிட்டத்தட்டக் கேக்கவே கேக்காது. பாட்டுகள் எல்லாம் திறம்தான், ஆனா அந்த வெறுமையோட முழுசா இருந்து கேக்க எனக்கு ஏலாது, அதால இந்தக் கணக்குல அது வராது.

பிளாக் சபத்ட மாஸ்டர் ஒப் ரியாலிட்டி, 1971. அவங்கட கிட்டார்காரர் டொனி அயோமிக்கு 17 வயசுல, பர்மிங்காம்ல தகடு வேலை செய்யிற ஃபக்டரில மெசின்ல மாட்டி வலக்கை ரெண்டு விரல் நுனி போயிட்டு. இடக்கைக்காரர், அதால நரம்ப அமத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தல உருக்கி விரலுக்கு மூடி செஞ்சு போட்டுக்கிட்டு, மெல்லிசான நரம்பு கட்டி, இந்த அல்பத்துல கொஞ்சப் பாட்டுக்கு நரம்ப மூண்டு அரைச்சுரம் இறக்கித் தொய்ய விட்டு வாசிச்சார். உலகத்துல இருக்கிற அத்தனை பாரமான கிட்டார் சத்தத்துக்கும் வேர் அங்கதான் கிடக்கு. எங்கட அம்மா வழமையா நான் போடுற பாட்டுக்கு "என்ன மனே, ஆருக்குப் பேசுறானுகள்" எண்டுதான் கேப்பா, இதுக்கு மட்டும் ஒண்டும் சொல்றேல்ல. மெதுவா இருக்கிறதால எண்டு நினைக்கன்.

பிங்க் ஃபுளொய்ட்ட விஷ் யூ வேர் ஹியர், 1975. மெட்டல் இல்ல, ஆனா இது இல்லாம நான் எந்தப் பட்டியலும் போடமாட்டன். அவங்கட பழைய கூட்டாளி சிட் பேரட், மனம் குழம்பி பேண்ட விட்டுப் போனவர், அவர நினைச்சு ஒரு நீளப் பாட்டு செஞ்சு அத ரெண்டாப் பிரிச்சு அல்பத்துக்குத் தலையிலயும் வாலிலயும் வச்சாங்க. ரெக்கோர்டிங் நடக்கக்குள்ள ஒருநாள் அவரே ஸ்டூடியோவுக்கு வந்து நிண்டிருக்கார், மொட்டையும் அடிச்சு புருவமும் வழிச்சு, உடம்பும் ஊதி, கூட இருந்து பாடினவங்களுக்கே முதல்ல ஆள மட்டுக்கட்ட ஏலல்ல. இத வாசிச்ச பிறகு அந்தத் தொடக்கத்து நாலு கிட்டார் சுரத்தக் கேட்டுப்பாருங்க.

இஞ்ச எந்த வீட்ட எடுத்தாலும் ஒரு ஆள்ட இடம் வெறுமையாத்தான் கிடக்கு. கட்டாருக்குப் போனவன், லண்டன் போய்த் திரும்பாதவன், 2004 கடல் கொண்டுபோனது, சண்டைக்குள்ள காணாமப்போய் இன்னும் தாய் தேடுற பிள்ளை. அந்த அல்பம் இதெல்லாத்துக்கும் பொருந்துது. அதக் கேட்டு முடிய நான் உடன வேற பாட்டுப் போடுறேல்ல.

டெத் எண்ட பேண்ட்ட சிம்பொலிக், 1995, இதச் சுருக்கமாச் சொல்றன். அவங்கட பாடகர் சக் ஷுல்டினர் கத்துறது முதல்ல காதுல ஏறாது, ஆனா கிட்டார் மெட்டுகள் அவ்வளவு தெளிவு, கடைசிப் பாட்டு அக்கூஸ்டிக் கிட்டார்ல போய் முடியும். 2001ல மூளைக் கட்டியால 34 வயசுல போயிட்டார். சின்ன வயசுல வெறும் வேகத்துக்காகக் கேட்ட, உறுமிப் பாடுற டெத் மெட்டல்ல முக்காவாசி இப்ப என்ட போன்ல இல்ல, இது இருக்கு.

செபுல்ச்சுராட ரூட்ஸ், 1996, அத முழுசாக் கேக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்லமாட்டன், கொஞ்சம் நீளம். ஆனா அந்த பிரேசில் பொடியனுகள் ஷவாந்தே பழங்குடி ஆக்களோட போய் இருந்து அவங்கட பாட்டையும் அல்பத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. அதக் கேக்கிற நேரமெல்லாம் எங்கட பறையையும் உடுக்கையும் தான் நினைக்கிற. கிழக்குல இருந்து ஒரு பேண்ட் அதுகள வச்சுத் தமிழ்ல ஒரு முழு மெட்டல் அல்பம் செஞ்சா முதல் ஆளா வாங்குவன்.

ஓபெத்ட டம்னேஷன், 2003. ஒரு இடத்துலயும் உறுமல் இல்ல, ஸ்டீவன் வில்சன்ட தயாரிப்பு, மெலட்ரோன் எண்ட பழைய கீபோர்ட் புகை மாதிரி பின்னால நிக்கும். கொழும்புக்குப் போற ராத்திரி ட்ரெயின்ல வெலிக்கந்தை தாண்டினா வெளிய ஒண்டும் தெரியாது, அந்த நேரத்துக்கு இதவிட நல்ல அல்பம் எனக்குத் தெரியல்ல.

பாவிக்கிறவங்களுக்கு ரெண்டு விசயம். எம்பி3ல பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில ஒரு சின்ன வெட்டு விழும், பிங்க் ஃபுளொய்ட் மாதிரி ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போற அல்பத்த அது கெடுத்துப்போடும், அதால பிளேயர் செட்டிங்ஸ்ல கேப்லெஸ் எண்டு இருந்தா ஒன் பண்ணி விடுங்க, ஷஃபிள ஓஃப் பண்ணுங்க. மத்தது ஹெட்செட், பேஸ் கூட எண்டு விக்கிறத வாங்காதீங்க, கிட்டார் இருக்கிற நடுச்சத்தம் அமுங்கிப் போயிரும்.

புதுசாத் தொடங்குறவங்க டம்னேஷன்ல தொடங்குங்க. அது பிடிச்சா அதே பேண்ட்ட பிளாக்வாட்டர் பார்க், 2001, அதுல டம்னேஷன்ல பாடின அதே ஆள் பாடவும் செய்வார் உறுமவும் செய்வார். அதத் தாங்கிற காது எண்டா மறுகா சிம்பொலிக்குக்குப் போகலாம்.