நெஸ்ட்ஜேஎஸ்ஸா ஃபாஸ்ட்ஏபிஐயா? ரிக்வெஸ்ட் உள்ள வந்ததும் நடக்கிற கதை

நெஸ்ட்ஜேஎஸ் (டைப்ஸ்கிரிப்ட்), ஃபாஸ்ட்ஏபிஐ (பைதான்) ரெண்டும் வெப் சர்வர் கோடு எழுத உதவுற ஃப்ரேம்வொர்க். எது வேகம்னு அளக்குற பெஞ்ச்மார்க்கை ஓரமா வைங்க. ரிக்வெஸ்ட் உள்ள நுழைஞ்சதுல இருந்து ஹேண்ட்லர் (பதில் தர்ற நம்ம ஃபங்க்ஷன்) கைக்குப் போற வரைக்கும் யாரு முதல்ல தொடுறா, யாரு அப்புறம் தொடுறாங்கிறதைப் பாத்தாதான் ரெண்டோட குணமும் தெரியும்.

நெஸ்ட்ல வரிசையை ஃப்ரேம்வொர்க்கே முடிவு பண்ணிருச்சு. மிடில்வேர் (எல்லாத்துக்கும் முன்னாடி ஓடுறது), கார்டு (உள்ள விடலாமான்னு பாக்குறது), இன்டர்செப்டர் (ஹேண்ட்லருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடுறது), பைப் (டேட்டாவைச் சோதிச்சு மாத்துறது), அதுக்கப்புறம்தான் ஹேண்ட்லர் இருக்கிற கன்ட்ரோலர். திரும்பும்போது மறுபடி இன்டர்செப்டர், எக்செப்ஷன் (பிழை) வந்தா அதைப் பிடிக்கிற ஃபில்டர். பெரிய டீமுக்கு இது வரம், ஏன்னா எது எங்க இருக்கும்னு தேட வேண்டியதில்ல. ஆனா கார்டு ஓடுற நேரத்துல பைப் இன்னும் ஓடியிருக்காது, அதனால கார்டுக்குள்ள ரிக்வெஸ்டோட பாடில இருந்து அக்கவுண்ட் ஐடியை எடுத்து பர்மிஷன் பாக்குறீங்கன்னா அது வேலிடேட் ஆகாத டேட்டா, நம்பர்னு நினைச்சது ஸ்ட்ரிங்கா இருக்கலாம், அரேயாவே கூட வரலாம்.

ஃபாஸ்ட்ஏபிஐல மிடில்வேரைத் தாண்டிட்டா எல்லாமே டிபென்ட்ஸ்தான், அதாவது ஃபங்க்ஷன் தனக்கு வேண்டியதைக் கேட்டா ஃப்ரேம்வொர்க்கே கொண்டுவந்து தர்ற வசதி. யூசரைக் கண்டுபிடிக்கிற ஃபங்க்ஷன் டேட்டாபேஸ் செஷனைக் கேக்கும், ஹேண்ட்லரும் அதையே கேக்கும், ஆனா செஷனை உண்டாக்குற ஃபங்க்ஷன் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு தடவைதான் ஓடும். யூஆர்எல் பாத்ல வர்ற ஐடியை யூசரைக் கண்டுபிடிக்கிற ஃபங்க்ஷன்லயே இன்ட்னு (முழு எண்) சொல்லிட்டா, தப்பா வந்தா ஃபங்க்ஷனே ஓடாது, நேரா 422 பிழைதான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். என்ன, பத்து டிபென்டன்சி சங்கிலியா ஆச்சுன்னா வரிசையைப் புரிஞ்சிக்கவே கோடை ஓட்டிப் பாக்கணும்.

வேலிடேஷன்ல, ஃபாஸ்ட்ஏபிஐ டேட்டாவைச் சோதிக்கப் பயன்படுத்துற பைடான்டிக் லைப்ரரி பக்கம்தான் என் ஓட்டு. டைப்ஸ்கிரிப்ட் டைப் ரன்டைம்ல மறைஞ்சுபோகும், அதனால நெஸ்ட்ல டிடிஓவை (வர்ற டேட்டாவோட வடிவத்தைச் சொல்றது) கிளாஸா எழுதி டெக்கரேட்டர் (சோதனை விதியைச் சொல்ற குறி) ஒட்டணும், இன்டர்ஃபேஸா எழுதினா வேலிடேஷன் பைப் சத்தமே இல்லாம விட்டுரும். டிடிஓல இல்லாத ஃபீல்டை நீக்குற வொய்ட்லிஸ்ட் ஆப்ஷனும் டீஃபால்ட்டா ஆஃப், யாராவது பாடில "இஸ்அட்மின்"னு ஒன்னு சேத்து அனுப்பினா அப்படியே ஹேண்ட்லர் வரைக்கும் வந்துரும். பைடான்டிக்கும் ஒன்னும் உத்தமன் இல்ல, எக்ஸ்ட்ரா ஃபீல்டைத் தூக்கிப் போட்டுரும் சரி, ஆனா "5"ங்கிற ஸ்ட்ரிங்கை கேக்காமலே நம்பர் 5 ஆக்கிரும், வேண்டாம்னா ஸ்ட்ரிக்ட் மோட் போடணும்.

டிபென்டன்சி இன்ஜெக்ஷன்லதான் (வேண்டிய ஆப்ஜெக்டை ஃப்ரேம்வொர்க்கே கட்டிக் கொடுக்கிறது) உண்மையான பிரிவு. நெஸ்ட்ல ஒரு கன்டெய்னர் இருக்கு, டீஃபால்ட்டா எல்லாம் சிங்கிள்டன் (ஆப் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட்). ஒரு சர்வீஸை ரிக்வெஸ்ட் ஸ்கோப்னு (ரிக்வெஸ்டுக்கு ஒன்னு) மாத்தினா அதை வாங்குற சர்வீஸ், அதை வாங்குற கன்ட்ரோலர்னு மேல வரைக்கும் தொத்திக்கும், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அந்தச் சங்கிலி முழுசையும் புதுசா கட்டும். ஃபாஸ்ட்ஏபிஐல ரிக்வெஸ்டுக்கு ஒன்னுங்கிறதுதான் இயல்பே, யீல்டு போட்டு அதுக்குப் பின்னாடி மூடுற கோடை எழுதிட்டா செஷன் தானா மூடிக்கும். எப்ப மூடும்ங்கிறதுல மட்டும் உஷார்: ஃபாஸ்ட்ஏபிஐ 0.106ல ரெஸ்பான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடின்னு மாத்தினாங்க, 0.118ல மறுபடி அனுப்பின பிறகுன்னு ஆயிருச்சு, ஸ்ட்ரீமிங் பண்றவங்க வெர்ஷனைப் பாத்துக்கோங்க.

ஆனா ரிக்வெஸ்ட் இல்லாத இடத்துல டிபென்ட்ஸ் செல்லாக்காசு. செலரி (பைதான்ல பின்னணி வேலைகளை ஓட்டுற டூல்) வொர்க்கர்ல அதே சர்வீஸ் வேணும்னா கையாலதான் கட்டணும், நெஸ்ட்ல ஹெச்டிடிபி சர்வரே இல்லாம அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்டை (அந்த கன்டெய்னரை) மட்டும் எழுப்பி சர்வீஸை வாங்கிக்கலாம். கியூவும் (வரிசைல நிக்கிற பின்னணி வேலை) க்ரான் ஜாபும் (நேரம் வச்சு ஓடுற வேலை) பாதி வேலையைப் பாக்குற ப்ராஜெக்டுன்னா, பைடான்டிக் மேல எவ்ளோ ஆசை இருந்தாலும் நான் நெஸ்ட்டைத்தான் எடுப்பேன்.