சினோலொஜி டிஎஸ்223: கந்தோரில் அழிந்த கோப்பை இது மீட்டுத் தருமா?

நாலைந்து கணினிகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். யாரோ கைதவறி டிலீட்டைத் தட்டிவிட, ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் அங்கே ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கணக்காய்வுக் கந்தோர், அச்சகம், கல்யாணப்படம் எடுக்கிற ஸ்ரூடியோ எதுவானாலும் இதுதான் நிலைமை. விண்டோஸின் ரீசைக்கிள் பின் அந்தந்தக் கணினிக்குள் பூட்டிய டிஸ்க்குக்கு மட்டும் உரியது. நெட்வேர்க் வழியாக அழிக்கும்போது அழிக்கிற வேலையைச் செய்வது கோப்பை வைத்திருக்கும் மற்றக் கணினி. அதனால் கோப்பு உங்கள் தொட்டியிலும் விழாது, அந்தக் கணினியின் தொட்டியிலும் விழாது. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று விண்டோஸ் கேட்பதை ஒருவரும் வாசிப்பதில்லை.

பொது ஃபோல்டரை ஒரு மேசைக் கணினியிலிருந்து எடுத்து நாஸ் பெட்டிக்கு (நெட்வேர்க்கில் பூட்டி எல்லாரும் பாவிக்கும் டிஸ்க் பெட்டி) மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது சினோலொஜி நிறுவனத்தின் டிஎஸ்223 போன்ற இரண்டு டிஸ்க் பெட்டியைத்தான். மீட்பு என்ற ஒரு விஷயத்தை மட்டும் வைத்து இதை எடைபோடுகிறோம்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: நாலு கோர் ரியல்டெக் புரொசெசர், கூட்ட முடியாத 2 ஜிபி ராம், ஒரேயொரு 1 கிகாபிட் நெட்வேர்க் போர்ட். உச்ச வேகம் விநாடிக்கு 110 எம்பி அளவு. எக்ஸெல், வேர்ட், பிடிஎஃப் என்றால் தாராளம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் 4கே வீடியோவை இதிலிருந்தே எடிட் பண்ண வெளிக்கிட்டால் திணறும். டிஸ்க் பெட்டியோடு வராது. வாங்கும்போது சிஎம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும்) டிஸ்க்கா என்று கேளுங்கள்: சீகேற் அயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் அந்த வகை. 'பிளஸ்' இல்லாத டபிள்யூடி ரெட் 2 முதல் 6 ரிபி வரை எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகை). ரெய்ட்டை (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் அமைப்பை) திருப்பிக் கட்டும்போது அவை இழுபடும். இன்னொன்று: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருப்பதால் அழிந்தாலும் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றில் அழிந்த கணமே மற்றதிலும் அழியும். ரெய்ட் காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்.

மீட்பு வசதியில் முதலாவது ரீசைக்கிள் பின். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள கொன்ரோல் பனலில் ஷெயார்ட் ஃபோல்டரைத் தெரிவுசெய்து, எடிட்டுக்குள் போய் அதை இயக்கவேண்டும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாக. இயக்கியபின் அழிப்பதெல்லாம் அதே ஃபோல்டருக்குள் # குறியோடு தொடங்கும் ரீசைக்கிள் என்ற உள்ஃபோல்டருக்குப் போகும், பழைய ஃபோல்டர் அடுக்கு மாறாமல். ஃபைல் ஸ்ரேஷனில் (பெட்டியின் சொந்தக் கோப்புப் பார்வையில்) அதைத் திறந்து, வலது கிளிக் செய்து, ரிஸ்ரோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். விண்டோஸிலிருந்து கட் செய்து பேஸ்ற் பண்ணினாலும் சரி. வேலை அரை நிமிடம். 'நிர்வாகிக்கு மட்டும்' என்ற தெரிவைப் போட்டுவைப்பது நல்லது. போடாவிட்டால் தவறை மறைக்க விரும்புகிற ஒருவர் இந்தத் தொட்டிக்குள்ளும் போய் அழிக்கலாம்.

தொட்டி தானாகக் காலியாகாது. ராஸ்க் ஷெடியூலரில் 30 நாளுக்கு மேற்பட்டதை அழி என்று ஒரு வேலை போடாவிட்டால் டிஸ்க் நிரம்பும்வரை சேர்ந்துகொண்டே போகும். 40 ஜிபி கல்யாண வீடியோவை அழித்தும் இடம் கூடவில்லையே என்று முழிப்பது இதனால்தான்.

இந்தத் தொட்டியை மட்டும் நம்பி இப்பெட்டியை வாங்கினால் ஏமாற்றம்தான். பொது ஃபோல்டரில் 'காணாமல் போச்சு' என்று சொல்லப்படுவதில் உண்மையில் அழிக்கப்படாதவையும் கணிசம். ஒன்று, மவுஸ் வழுக்கிப் பக்கத்து ஃபோல்டருக்குள் இழுபட்டவை; இடம் மாறியது அழிப்பு அல்ல, ஆகவே தொட்டியில் இராது. முதலில் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள். மற்றது மேலெழுதியவை: போன வருடக் கணக்கைத் திறந்து இந்த வருடத்தை அதிலேயே அடித்து, 'சேவ் அஸ்'க்குப் பதில் சேவ் கொடுப்பது. மார்ச் 31இல் வரி ஆண்டு முடிகிற நாட்டில் ஏப்ரல் மாதத்தில் இதற்குக் குறைவில்லை. இதையும் தொட்டி பிடிக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்ன விலக்கு உண்டு. எக்ஸெல் சேமிக்கும்போது புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி, பழையதற்கு வேறு பெயர் வைத்து, புதியதை அதன் இடத்தில் இருத்திவிட்டுப் பழையதை அழிக்கும். அதனால்தான் தொட்டிக்குள் ரிஎம்பி (.tmp) என்று முடிகிற விளங்காத பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. நேரத்தையும் அளவையும் பார்த்து ஒன்றைப் பிரதியெடுத்து, முடிவை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றித் திறந்தால் பெரும்பாலும் முந்திய சேமிப்பு கிடைக்கும். அவசரத்துக்கு உதவும் குறுக்குவழி. ஒழுங்கான வழி ஸ்னப்ஷொட், அதாவது ஃபோல்டர் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைப்பது.

இந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்வதே ஸ்னப்ஷொட்டுக்காகத்தான். அது நடக்க வொலியூமை (டிஸ்க்கில் தரவு வைக்கும் பகுதியை) உருவாக்கும் முதல் நாளிலேயே பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு வைக்கும் முறையைத் தெரிவுசெய்யவேண்டும். ஈஎக்ஸ்ரி4 (ext4) என்ற மற்ற முறையைப் போட்டுவிட்டால் பிறகு எல்லாத் தரவையும் வெளியே எடுத்து, அழித்து, மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை. பொருத்தித் தருகிறவர் எதைப் போட்டார் என்று ஸ்ரோரேஜ் மனேஜரில் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். பழைய டிஎஸ்220ஜே போன்ற பெட்டிகளில் இந்த முறையே கிடையாது. பாவித்த பெட்டி மலிவாக வந்தால் இதைக் கவனியுங்கள்.

பக்கேஜ் சென்ரரில் ஸ்னப்ஷொட் ரெப்ளிகேஷனை இறக்கி, ஃபோல்டரைத் தெரிவுசெய்து, வேலை நேரம் முழுக்க மணிக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மணித்தியாலத்துக்குரியது 48, நாளுக்குரியது 30, கிழமைக்குரியது 12 என்று வைத்தால் மொத்தம் 90. இரண்டரை மாதத்துக்கு மேல் பின்னே போகலாம். ஸ்னப்ஷொட் கோப்புகளைப் பிரதி எடுப்பதில்லை. அந்தக் கணத்தில் இருந்த துண்டுகளை அழியவிடாமல் பிடித்துவைக்கும்; அதன்பின் மாறியவை மட்டும் புதிதாக இடம் பிடிக்கும். எக்ஸெல் கந்தோருக்கு இந்தச் செலவு தெரியவே தெரியாது. அச்சகக்காரருக்குத் தெரியும்: 500 எம்பி ஃபோட்டோஷொப் கோப்பு ஒவ்வொரு சேமிப்பிலும் முழுவதுமாகத் திருப்பி எழுதப்படும். பத்து மணித்தியாலமும் அதில் வேலை நடந்தால் ஒரு கோப்புக்கே நாளுக்கு 5 ஜிபி. அப்படியான ஃபோல்டருக்கு நாளுக்கு இரண்டு போதும். தொட்டியைக் காலியாக்கியும் இடம் திரும்பி வராவிட்டால் பழைய ஸ்னப்ஷொட் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அமைப்பில் ஸ்னப்ஷொட் வெளியே தெரியட்டும் என்ற தெரிவையும் போடுங்கள். ஃபோல்டருக்குள் திகதியும் நேரமும் பெயராகக் கொண்ட வாசிக்கமட்டுமான பிரதிகள் தோன்றும். வேண்டியதை அங்கிருந்து கொப்பி பண்ணலாம். விண்டோஸில் ஃபோல்டரின் புரொப்பர்டீஸில் உள்ள 'பிரீவியஸ் வேர்ஷன்ஸ்' பக்கத்திலும் வரும். கோப்பு அழிந்திருந்தால் வலது கிளிக் செய்யக் கோப்பே இல்லையே. அது இருந்த ஃபோல்டரில் செய்யவேண்டும். ஒரேயொரு கோப்புக்காக நிர்வாகப் பக்கத்தில் போய் முழு ஃபோல்டரையும் ரிஸ்ரோர் பண்ணிவிடாதீர்கள். ஃபோல்டர் முழுதும் அந்த நேரத்துக்குத் திரும்பும். அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்த வேலை போய்விடும். ஒரு கோப்பு அழிந்த இடத்தில் ஒரு நாள் வேலை அழிகிறது.

கணக்கு சொஃப்ற்வெயரின் தரவுத்தளம் இதே ஃபோல்டரில் திறந்தபடி இருந்தால் ஸ்னப்ஷொட்டை மட்டும் நம்பவேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கறண்ட் போனால் கோப்பு எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலைதான் ஸ்னப்ஷொட்டிலும் கிடைக்கும். அந்த சொஃப்ற்வெயரின் சொந்த பக்கப்பை இரவில் எடுத்து இங்கே போடுங்கள்.

யார் அழித்தது என்ற கேள்வி எப்படியும் வரும். எஸ்எம்பி (விண்டோஸ் கணினிகள் பொது ஃபோல்டரைத் திறக்கும் வழி) அமைப்பில் ட்ரான்ஸ்ஃபர் லொக்கை இயக்கினால் அழிப்பு, பெயர்மாற்றம், இடமாற்றம் பதிவாகும். ஆனால் எல்லாரும் 'ஒஃபிஸ்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால் பதிவு முழுக்க அந்த ஒரு பெயர்தான். ஆளுக்கொரு கணக்குப் போடுங்கள்; விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ற் நுழைவை எப்படியும் மறுக்கிறது. அழிக்கும் உரிமையை மட்டும் பறித்துவிடலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். எக்ஸெல் சேமிக்கும் முறையை மேலே சொன்னோம். அழிக்க முடியாவிட்டால் அதற்குச் சேமிக்கவும் முடியாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. இப்பெட்டியில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கோ' என்பது இரண்டு குறி, 6 பைட். ஆக 85 குறிதான். என்கிரிப்ற் செய்த ஃபோல்டரில் எல்லை 143 பைட், 47 குறி. 'திருநெல்வேலி கிளை வாடகை ஒப்பந்தம் இறுதித் திருத்தம்' மாதிரிப் பெயர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற முடிவோடு விண்டோஸில் ஓடும், என்கிரிப்ற் செய்த ஃபோல்டருக்குள் கொப்பியாகாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை உள்ளடக்கத்தை வைத்துத் தமிழில் தேடினாலும் அகப்படாது; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்.

யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி வயர் உள்ளதாகப் பாருங்கள். மலிவானவை பல கறண்டைத் தாங்குமே தவிர, பற்றரி முடிகிறது என்று பெட்டிக்குச் சொல்லாது. பெட்டி இழுப்பது 20 வாட்டுக்கும் குறைவு என்பதால் சாதாரண யூபிஎஸ்ஸே கனநேரம் தாங்கும். ஸ்னப்ஷொட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெட்டியே களவுபோனால் எல்லாம் போச்சு. ஹைப்பர் பக்கப் மூலம் ஒரு வெளி யூஎஸ்பி டிஸ்க்குக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுத்து, அதைக் கந்தோரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

இன்னும் பெட்டி வாங்கவில்லை, கோப்பு இன்றைக்குத்தான் அழிந்தது என்றால்: உங்கள் கணினியில் ரெக்குவா என்ற மீட்பு சொஃப்ற்வெயரை ஓட்டி நெட்வேர்க் ட்ரைவைத் தேடுவது வீண். மைக்ரோசொஃப்ற்றின் விண்டோஸ் ஃபைல் ரிகவரியும் நெட்வேர்க் ஃபோல்டரை ஏற்காது. கோப்பு இருந்த கணினியை உடனே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் பூட்டித் தேடவேண்டும். கிடைத்ததை வேறு டிஸ்க்கில் இறக்கவேண்டும். சாதாரண ஹாட் டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் அழித்த கையோடு அந்த இடத்தைக் காலியாக்கச் சொல்லும் ட்ரிம் கட்டளை போயிருக்கும். அதில் தேடித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் முதலில் கோப்புப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.